நடுக்கு: சிறுமலை அடிவாரத்து மாருதி ஒன்றின் முன்பக்க அதிர்வு பற்றிய முன்னாய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிக் குறிகள் முப்பத்திரண்டை எண்ணிக்கொண்டே வந்து கடைசியில் நடுக்கு என்பதை வைக்கிறார். அதற்கு முன்னால் நிற்பவை ஐயமும் மிகையும். இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும் சரி, பழைய கார் வைத்திருப்பவனுக்கு உரை தேவையில்லை. முதலில் ஐயம் வரும். அடுத்து மெக்கானிக் பில்லில் மிகை வரும். நடுக்கு அப்படியே இருக்கும்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 2004-ஆம் ஆண்டு மாருதி 800. ஆர்.சி. புத்தகத்தின்படி வெள்ளை நிறம். மூன்று சிலிண்டர், 796 சிசி, பன்னிரண்டு அங்குலச் சக்கரம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இனம். உரிமையாளர் இக்கட்டுரையாசிரியரே என்பதால் நடுநிலைமை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆய்வுக்களம் இரண்டு. ஒன்று, திண்டுக்கல்–நத்தம் சாலையிலிருந்து பிரிந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சிறுமலைச் சாலை. மலை மேல் புதூரில் என் மாமியாரின் தம்பிக்குக் கொஞ்சம் தோட்டம் இருப்பதால் மாதம் ஒரு முறை இந்தக் களப்பணி தவிர்க்க முடியாதது. மற்றொன்று, மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலை. அதில் சின்னாளப்பட்டி, அம்பாத்துரை வரை போய், கொடைரோடு டோல்கேட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும் என்பது ஆய்வின் நிதி வரம்பு.

நோய்க்குறி இதுதான்: 60 கி.மீ. வரை வண்டி சாது. 60-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு சிலிர்ப்பு. 70-இல் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நழுவும். 85-க்கு மேல் போனால் குறைந்துவிடும். ஆனால் அந்த வேகத்தில் வேறு காரணங்களுக்காக ஓட்டுபவரே நடுங்குவார் என்பதால் அந்தத் தரவைச் சேர்க்கவில்லை.

கருவிகள்

முதல் கருவி, டேஷ்போர்டில் ஒட்டப்பட்ட தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. 58-இல் அது "யோசித்துச் சொல்கிறேன்" என்பதுபோல் அசையும். 65-இல் "சரி". 72-இல் "சரி, சரி, நீங்க சொன்னா சரிதான்". கூட்டுக் குடும்பத்தில் புது மருமகனாக இருந்தவர்களுக்கு இந்த அளவுகோல் உடனே பிடிபடும்.

இரண்டாவது கருவி என் அத்தை, அதாவது மாமியார். பின்சீட்டில் வலப்பக்க ஜன்னலோரம் அவருக்கு நிரந்தரமானது. முழங்கால் தேய்மானமும் இடுப்புப் பிடிப்பும் உள்ளவர். இவ்வளவு நுட்பமான உணர்வி எந்தச் சோதனைக்கூடத்திலும் கிடைக்காது.

முன்னோர் கருத்து

அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டுதான் சிறுமலை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தக் கதையில் மருத்துவ வரலாற்றுக்கு முக்கியமான ஓர் இடம் உண்டு. எந்தச் செடி மருந்து என்று அனுமனுக்குத் தெரியவில்லை. அதனால் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தச் சிகிச்சை முறை வழக்கொழிந்துவிட்டதாக யாராவது நினைத்தால் ஒரு பட்டறைக்குப் போய்ப் பார்க்கட்டும். எந்த பாகம் பழுது என்று தெரியாத கணத்தில் அங்கே சொல்லப்படுவது, "செட்டாவே மாத்திருங்க சார்."

நான் அணுகிய நான்கு பட்டறைகளையும் நான்கு சிந்தனை மரபுகளாகவே கருதுகிறேன். பெயர் வேண்டாம், எல்லாரும் தெரிந்தவர்கள்.

அலைன்மென்ட் மரபினர் வண்டியை மேடையேற்றிக் கண்ணாடித் தட்டுகளை மாட்டி, கம்ப்யூட்டரில் சிவப்பைப் பச்சையாக்கினார்கள். சக்கரக் கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் மொட்டையாகும், பெரும்பாலும் உதறாது. புஷ் மரபினர் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் மூன்றையும் மாற்றினார்கள். தேய்ந்த ஜாயின்ட் ஒரு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் பஸ் ஓடும்போது சீட்டுக்கு அடியில் எவர்சில்வர் தூக்கு கடகடக்கிறது என்பதற்காக, தூக்குதான் பஸ்ஸை ஓட்டுகிறது என்று சொல்ல முடியாது. பிரேக் மரபினர் முன் டிஸ்க்கைக் கழற்றிக் கடைசல் பிடித்தார்கள். டிஸ்க் கோணினால் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உதறும். மலையிறக்கத்தில் நாலைந்து வளைவு மிதித்துச் சூடேறியபின் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். என் வண்டி மிதித்தால் அடங்கும் ரகம். ஆக்ஸில் மரபினரிடம் மட்டும் நான் தப்பித்தேன். வெளிப்பக்க ஜாயின்ட் போயிருந்தால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். உள்பக்க ஜாயின்ட் போயிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க உதறி, விட அடங்கும். முன்னதற்குப் பதினெட்டு வளைவுகளையும்விடச் சிறந்த சோதனைச் சாலை கிடையாது, அதுவும் இலவசமாக. சத்தமே இல்லை. எனவே வெளிப்பக்க ஜாயின்ட் நிரபராதி.

மொத்தச் செலவு ஏழாயிரத்துச் சொச்சம். பொம்மை இன்னும் "சரி, சரி" என்றுகொண்டிருந்தது.

பட்டறை வேகம்

இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இங்கே வருகிறது. வாசகர் நிமிர்ந்து உட்காரலாம். நான்கு மரபினரும் ட்ரையல் போனார்கள். நான்கு பேரும் பட்டறையிலிருந்து கிளம்பி, தள்ளுவண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நெளிந்து, தெருமுனையில் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லையே சார், சும்மா வழுக்கிட்டுப் போகுது" என்றார்கள். அவர்கள் போன வேகம் 28. சிறுமலைச் சாலையிலும் அதே கதைதான். வளைவுக்கு வளைவு இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு 70 என்பது ஸ்பீடாமீட்டரில் வெறும் எண். நோய் குடியிருப்பது 70-இல்; வைத்தியம் நடப்பது 28-இல். இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். இந்த வண்டியின் 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் உருளும். 70 கி.மீ. வேகத்தில் வினாடிக்குப் பன்னிரண்டு சுற்று. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு கடலைமிட்டாய் எடை. அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 2.7 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும், வினாடிக்குப் பன்னிரண்டு முறை திசை சுற்றிக்கொண்டே. வேகம் குறையக் குறைய இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் குறையும். எனவே பட்டறை வேகத்தில் அதே கடலைமிட்டாய் வெறும் 430 கிராம்தான். போதாததற்கு, ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் தமக்கென்று ஓர் ஆட்டத் தாளம் வைத்திருக்கின்றன. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு பொருந்தும் வேகத்தில், திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சல்போல் ஆட்டம் ஏறும். தாண்டிவிட்டால் அடங்கும். 85-இல் குறைந்ததன் மர்மம் அவ்வளவுதான்.

அம்பாத்துரைக்கு அருகே, பின்னால் லாரி எதுவும் இல்லாத ஒரு காலையில், சமதளத்தில் 70-இல் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினேன். (மலையிறக்கத்தில் இதை யாரும் செய்யக்கூடாது, இன்ஜின் பிடிப்பு போய்விட்டால் பிரேக் மட்டுமே கதி.) இன்ஜின் சத்தம் தணிந்தது, நடுக்கம் தணியவில்லை. இன்ஜினும் அதன் மவுண்டும் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்டும் விடுதலை. மிச்சம் சக்கரம்.

ஆனால் சக்கரங்களை ஏற்கெனவே மூன்று முறை பேலன்ஸிங் செய்தாயிற்று. மெஷின் சுற்றி நின்று, இரண்டு பக்கமும் சுழி காட்டியது. அறிவியல் இந்த இடத்தில் ஒரு டீ குடிக்கப் போயிற்று.

டீக்கடை சிறுமலையில். சாலை போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் இன்றும் குதிரை முதுகில்தான் வருகின்றன. முதுகின் இரு பக்கமும் பொதி. பக்கத்து பெஞ்சில் ஒரு குதிரைக்காரர், தன் குதிரையைப் பற்றி யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் பாரம் ஒண்ணாத்தேன் இருக்கு. ஆனாலும் நொண்டுது. லாடத்தத் தூக்கிப் பாத்தாத்தேன் தெரியும்."

என் வண்டிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அத்தைதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பரிசோதனை

முன்சக்கரம் இரண்டையும் பின்னுக்கும், பின்னவற்றை முன்னுக்கும் மாற்றினேன். மறுநாள் நான்குவழிச் சாலையில் 70. ஸ்டீயரிங் அமைதி. பொம்மை அரைகுறையாக அசைந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, இப்ப எனக்கு வருது."

"எங்க அத்தை?"

"இடுப்புல. சீட்டுலேருந்து ஏறுது."

முன்சக்கரக் கோளாறு கையில் தெரியும், பின்சக்கரக் கோளாறு சீட்டில் தெரியும் என்ற பொது விதி இதனால் இடுப்பளவில் உறுதிப்பட்டது. இடது சக்கரத்தை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினேன். இடுப்பில் மாற்றமில்லை. குற்றவாளி வலது. டிக்கியில் ஒரு வாழைத்தார் ஏற்றி எடையின் விளைவையும் அளப்பதாக இருந்தோம். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலைப் பழம் என்பதால் சோதனைப்பொருள் அளவீட்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். மாருதியில் பின்சக்கரம் சும்மா சுற்றும். மகளின் சாக்பீஸ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, செங்கல் மேல் கையை ஊன்றி, டயரின் மேற்பட்டைக்கு ஒரு நூலிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். சுற்று முழுக்க சாக்பீஸ் படவில்லை. ஒரே இடத்தில் மட்டும் 'சரக்' என்றது. மறுபடி 'சரக்'. நிறுத்திப் பார்த்தால் நான்கு விரல்கட்டை நீளத்துக்குத் தேய்ந்த ரப்பர் மேல் ஒரு வெள்ளைக் கோடு, தூக்கிய புருவம் மாதிரி. அந்த இடத்தைத் தடவினால் உள்ளங்கை மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. உள்ளே கம்பிப் பட்டை விட்டுப்போய் ரப்பர் வீங்கியிருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 1914. அதாவது 2014-ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தது. மற்ற இடத்தில் டயரின் பூ நன்றாகத்தான் இருந்தது. வயதைப் பூ காட்டாது. ஷெட் இல்லாமல் திண்டுக்கல் வெயிலில் நின்ற வண்டி என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

பேலன்ஸிங் மெஷின் பொய் சொல்லவில்லை. அது சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடையை மட்டும் பார்க்கிறது. வீங்கிய பக்கத்துக்கு எதிரே வெயிட்டை அடித்துவிட்டால் எடை சமமாகிவிடும், வட்டம் சமமாகாது. பாரம் ஒன்றாகத்தான் இருந்தது. லாடத்தை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

டயர்க்காரர் அதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வெடிக்கிற டயரை டிக்கியில் காப்பாற்றி வைப்பானேன் என்று அங்கேயே விட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் இரண்டு புது டயர் வாங்கினேன்.

முடிவுச் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னாளப்பட்டி தாண்டி 60, 65, 70. இடப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. பொம்மை அசையவில்லை. "இப்ப எப்படி அத்தை?" என்றேன். பதிலில்லை. 75-இல் மறுபடி கேட்டேன். கண்ணாடியில் பார்த்தால் வாய் லேசாகத் திறந்தபடி அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் இந்த வண்டியில் அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. எழுப்ப மனம் வராமல், திரும்ப வேண்டிய இடத்தையும் தவறவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். எதிரே கொடைரோடு டோல்கேட் வந்தது. அதற்கு முந்தைய வேகத்தடையில் பொம்மை ஒரே ஒரு தடவை தலையாட்டியது.