வட்டம் வந்தா வைத்தியமாயிடுமா?

இன்னா நைனா, மூஞ்சி பளபளன்னு கீது? காலேஜ்ல குப்பமேனியை டெஸ்ட் பண்ணியாமே, கிருமியெல்லாம் அவுட்டாமே! ஷோக்கு. நம்ம புழல் ஏரிக்கரைல எவனும் வெதைக்காம மொளைக்கிற செடி. அதும் வேரைக் கண்டா பூனை உருண்டு புரளும். அதான் பூனைவணங்கின்னும் பேரு. இப்போ வெள்ளைக் கோட்டும் வணங்குது.

ஒங்க ஆயா உப்பு வெச்சி அரைச்சி சிரங்குல அப்புனப்போ "எரியுது"ன்னு தெருத்தெருவா ஓடுனே. அதே எலைய எத்தனால்ல ஊற வெச்சி சுண்டக் காச்சுனா 'எக்ஸ்ட்ராக்ட்'டா? சரி, இருந்துட்டுப் போவட்டும்.

மண்ணடில நோன்பு நாள்ல கடல்பாசி செய்வாங்களே, அந்த அகார்தான் ஒன் சோதனைத் தட்டுலயும். அதும் மேல ஸ்டஃபைலோகாக்கஸ்ன்ற கிருமியைத் தடவி, குழி போட்டு, சாறு ஊத்தி, 37 டிகிரில ராத்திரி பூரா வெச்சே. விடிஞ்சா குழியைச் சுத்தி கிருமியில்லாத வட்டம். ஸ்கேல் வெச்சி மில்லிமீட்டர் அளந்தே. அதுக்கே ஆளு பறக்கறே.

கொஞ்சம் எறங்கு கண்ணு. பக்கத்துக் குழில வெறும் எத்தனாலை ஊத்திப் பாத்தியா? கிருமியக் கொன்னது எலையா, சாராயமா? தட்டுல செத்தது ஒடம்புலயும் சாவும்னு எவன் சொன்னான்? தட்டுக்கு ஈரலு கீதா, கிட்னி கீதா?

அடுத்தது ஆன்டிஆக்சிடன்ட்டு டெஸ்ட்டு. டிபிபிஎச்னு ஊதாத் தண்ணி. சாறு பட்டா மஞ்சளா வெளுக்கும். டீத்தண்ணி ஊத்துனாலும் வெளுக்கும்பா. அதுக்காக நாயர் கடைக்கு ஆஸ்பத்திரின்னு போர்டு மாட்டுவியா?

ஒரு சேதி கேளு. இலங்கைல குப்பமேனி போட்ட கஞ்சி குடிச்சி, ரத்தச் சிவப்பணு ஒடைஞ்சி ஆஸ்பத்திரில படுத்தவங்க கீறாங்க. பொறவிலயே ஜி6பிடின்ற நொதி கம்மியா இருந்தவங்க அவங்க. டாக்டருங்க 1990கள்லயே எழுதி வெச்சிட்டாங்க. ஒன் தட்டு இத சொல்லுமா? எலைய எங்க பறிச்சேன்னாவது சொல்லுமா? ஜிஎன்டி ரோட்டுல லாரிப் புகை குடிச்சதும் எலைதான், எண்ணூர்ல சாம்பல் படிஞ்சதும் எலைதான்.

சோதனைன்னா எப்டின்னு கேக்கறியா? நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜன் கீழாநெல்லியைத் தட்டோட வுடல. ஹெபடைடிஸ் பி கிருமி ஒடம்புல தங்குனவங்களுக்குக் குடுத்தாரு. இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெத்து மாத்திரை. 1988ல லான்செட்ன்ற டாக்டருங்க பத்திரிகைல வந்துச்சு. மருந்து சாப்ட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்தக் கிருமியோட அடையாளம் மறைஞ்சிது. வெத்து மாத்திரை சாப்ட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். அப்பால வேற ஊருங்கள்ல செஞ்சி பாத்தாங்க, அந்தப் பலன் கெடைக்கல. அதையும் மறைக்காம எழுதுனாங்க. அவ்ளோ பாடுபட்டும் இன்னும் முடிவாவல. நீ ஒரு ராத்திரில முடிச்சிட்டே!

ஆராய்ச்சி பண்ணாதேன்னு சொல்லல நைனா, தாராளமா பண்ணு. வட்டத்த அளந்தா மார்க்கு வரும். எவ்ளோ குடுக்கணும், எவனுக்குக் குடுக்கக் கூடாது, எத்தினி நாளு குடுக்கணும்னு அளந்தாதான் மருந்து வரும். அதுக்குள்ள டப்பால 'ஆன்டிஆக்சிடன்ட்'னு போட்டு எவன் பவுடர் வித்தாலும் வாங்கி முழுங்காதே. அரும்பாக்கத்துல அரசு சித்தா ஆஸ்பத்திரி கீது. ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடி.