பந்தைப் பாத்துப் பாடுலே, பேராண்டி!

ஏலே பேராண்டி, ரெண்டு மொச்சைக்கொட்டையக் காதுல சொருகிக்கிட்டு, செல்லுல அந்தப் பழைய பாட்டு கார்ட்டூனப் பாத்துட்டு, "சவசவன்னு இருக்கு தாத்தா"ன்னு சலிச்சுக்கிடுத. ஒன் ரசனைக்குக் கோயில் கட்டத்தாம்லே வேணும்!

அது ஒத்தையில பாக்குத சரக்காலே? 1924-ல அமெரிக்காவுல மாக்ஸ் ஃபிளைஷரும் அவரு தம்பி டேவும் ‘சாங் கார்-ட்யூன்ஸ்’னு ஆரம்பிச்சாவ. அப்பம்லாம் படம் ஊமை. தியேட்டர்ல ஒருத்தர் பியானோவோ ஆர்கனோ வாசிப்பாரு. திரையில பாட்டு வரி வரும். வெள்ளைப் பந்து ஒண்ணு வார்த்தை மேல வார்த்தையாத் துள்ளிட்டுப் போவும். டிக்கெட் எடுத்தவன் பூராவும் அது பின்னாலயே பாடணும். படக்காரன் பாதி வேலைய ஒன் தொண்டைக்கு விட்டுட்டான். நீ வாயத் தொறக்காம அவனக் கொற சொல்லுத.

அந்தப் பந்தை வரைஞ்சதுன்னு நெனச்சியோ? நெசப் பந்துலே! கறுப்புக் குச்சி நுனியில மாட்டி, ஒரு ஆளு தாளத்துக்குத் தக்கன தூக்கித் தூக்கி வைப்பான். கறுப்புல வெள்ளை எழுத்து ஓடும். குச்சி இருட்டோட இருட்டாப் போயிரும். இந்தக் கார்ட்டூன்ல வார கோகோ கோமாளியும் லேசுப்பட்டவனில்ல. டேவ் கோமாளி வேசங்கட்டி ஆட, அந்தப் படத்து மேலயே வரைஞ்சு அவன உண்டாக்கினவரு மாக்ஸ். அதுக்கான கருவிக்கு 1917-லயே காப்புரிமை வாங்கிட்டாரு.

மிக்கி எலி 1928-ல வந்தப்புறந்தான் கார்ட்டூனுக்கே வாய் வந்துச்சுன்னு அளந்தியே, அதையும் அழிச்சு எழுதிக்கோ. லீ டி ஃபாரஸ்டோட ஃபோனோஃபிலிம் கருவிய வச்சு, இவங்க படத்துல சிலது சத்தத்தோடயே வந்துட்டு. 1926-ல ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ படத்துல ஒரு நாய் வாயசைச்சுப் பேசுது! என்ன செய்ய, அந்தக் கருவி இருந்த தியேட்டரு கொஞ்சந்தான். மத்த ஊர்ல ஆர்கன்காரரு கையத்தான் நம்பணும்.

சவசவன்னு நீ சொன்னதுல கால்வாசி நெசந்தான், ஒத்துக்கிடுதேன். பந்து பாட்டுக்குத் துள்ளிக்கிட்டே இருக்கும், படம் நவுராது. கடேசி அடியிலதான் பொம்மை எறங்கி எழுத்து மேல ஓடி, வார்த்தையெல்லாம் படமா மாறிக் கூத்தடிக்கும். அதுவும் சட்டுனு முடிஞ்சிரும். பாட்டுலயும் ஒரு கண்ணு வையி. ‘ஓல்ட் பிளாக் ஜோ’ மாதிரிப் பாட்டையெல்லாம் எழுதினது ஸ்டீபன் ஃபாஸ்டர்ங்கிற வெள்ளைக்காரரு. அடிமையா இருந்த கெழவன், போன காலத்த நெனச்சு ஏங்குதானாம். ஏங்கினது அவனா, எழுதினவரான்னு யாரு கேட்டா? மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு வெள்ளைக்காரன் மேடையில பாடின கூட்டத்துச் சரக்கு அது. மெட்டு இனிக்குதேன்னு முழுங்கிராத.

சரி, சாயங்காலம் ஒன் சேக்காளிப் பயலுவளக் கூட்டிட்டு வா. மொட்டமாடியில வேட்டியக் கட்டி அந்தப் படத்தப் போட்டு, எல்லாருமாச் சேந்து பாடுங்க. ஆரம்பிக்கதுக்கு முன்னால எனக்கு மட்டும் ஒரு சத்தங் குடு. ஒன் கொரலு எனக்குத் தெரியும்லா, நான் வயக்காட்டுப் பக்கம் போயிருதேன்.