ரெட்டைக்குழல் மாமா

“ராத்திரி ரெண்டு மணி. நாலு பேர் மொட்டை மாடி வழியா இறங்கி வரான். நீ என்ன பண்ணுவே?”

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்டிருப்பார். நாகேஸ்வரராவ் பூங்காவில், நமக்கு மூச்சு வாங்கிப் பேச முடியாத சுற்றாகப் பார்த்துக் கேட்பார். தி.நகர் கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் கேட்பார். அடையாறில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் கம்பிகளை எண்ணிவிட்டார். உள்ளே உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “பின்கட்டுக் கதவுக்கு ஒரே தாழ்ப்பாள்தானா?” என்றார். பாவம், அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பதில் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

“நூறுக்கு போன் பண்ணுவேன் மாமா.”

“பேஷா பண்ணு. அவா வரவரைக்கும்?”

“கத்துவேன்.”

“எவன் வருவான்? அவனவன் ஏ.சி.யைப் போட்டுண்டு கதவைச் சாத்திண்டு தூங்கறான்.”

“கேட்டதைக் குடுத்துடுவேன்.”

இதைச் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. திருடர்கள் நாலிலிருந்து ஆறாவார்கள். ஒருவன் கையில் கடப்பாரை முளைக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு வரும். பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது தற்காப்பு என்று மேஜையைத் தட்டுவார். பழைய சட்டத்தில் இது 103. புதிய சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஹைகோர்ட் வக்கீல்களே இன்னும் பழைய எண்ணைச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள், மாமா முதல் நாளே மாறிவிட்டார். தேவைக்கு மேல் பலத்தைக் காட்டக்கூடாது என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அது மட்டும் அவர் ஞாபகத்தில் நிற்பதில்லை.

மாமாவிடம் ஒரு துப்பாக்கி உண்டு, மாமனார் வழி வந்தது. தஞ்சாவூர் பக்கத்து மிராசுதாரர் வயல்வெளியில் கொக்கு சுட வைத்திருந்த ரெட்டைக்குழல். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொக்கு பிழைத்தது, துப்பாக்கிக்கு வேலை போயிற்று. வேலையில்லாத அந்த நாலடி நீளச் சாமானை, வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் மாற்றி, மயிலாப்பூர் இரண்டாம் மாடி ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் கேட்கின்றன என்று பாதுகாப்புப் பயிற்சிக்கும் போனார். குண்டு இல்லாத துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும், குழலை ஒருவர் பக்கமும் நீட்டக் கூடாது, சுடும்வரை விசையில் விரல் படக் கூடாது. மனுஷர் இதையெல்லாம் வேதம்போல் பிடித்துக்கொண்டார். டி.வி. ரிமோட்டைக்கூட இப்போது யார் பக்கமும் திருப்பமாட்டார். நாம் நடுவில் உட்கார்ந்திருந்தால் எழுந்து நகர்ந்த பிறகுதான் சேனல் மாறும். நடிகர் அஜித் குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வாங்கியதிலிருந்து, “நாங்க ஷூட்டர்ஸ்” என்று பன்மையில் பேசுகிறார்.

திருடன் வந்தால் என்ன செய்வது என்று அவர் நடத்தும் ஒத்திகையைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் கருதித் துப்பாக்கி கழற்றியே வைக்கப்பட்டிருக்கிறது. குழல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். கட்டை லாஃப்டில், கொலுப்பொம்மைப் பெட்டிக்கு அடியில். தோட்டாக்கள் வெள்ளிப் பாத்திரப் பெட்டியில். அந்தச் சாவி மாமியின் சுருக்குப் பையில். திருடன் வந்ததும் மாமியை எழுப்ப வேண்டும். மாமி கண்ணாடியைத் தேட வேண்டும். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டையை எடுத்து, குழலை மாட்டி, ‘டக்’ என்று சேர்ந்ததும் ஹாலுக்குத் திரும்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். நடை மூன்றடி அகலம், துப்பாக்கி நாலடி. ஒருமுறை திரும்பியதில் ட்யூப்லைட் போயிற்று, இன்னொரு முறை மாமியின் அண்ணா படம். “அதுவரைக்கும் அவாளை உட்காரச் சொல்லி காப்பி போட்டுத் தரேன்” என்றாள் மாமி.

இதில் யார் யாரைக் காக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. திருடன் தேடி வருவது பூட்டிய வீட்டை. அதனால்தான் ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் தலையில் அடித்துக்கொள்கிறது. ஆனால் மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவார்? உள்ளே துப்பாக்கி இருக்கிறதே, அது களவு போனால் என்ன ஆவது? கும்பகோணத்தில் மச்சினன் பெண் கல்யாணத்துக்கு மாமி தனியாகத்தான் போனாள். காசி யாத்திரை வருஷா வருஷம் தள்ளிப்போகிறது. அவர் நிம்மதியாக வெளியூர் போவதென்றால் தேர்தல் வர வேண்டும். தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும், துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். 2024-ல் மார்ச் 16-ஆம் தேதி அறிவிப்பு, ஜூன் 4-ஆம் தேதி எண்ணிக்கை. அத்தனை நாளும் துப்பாக்கியைப் போலீஸ் காவல் காத்தது. மாமி சந்தோஷமாக ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

ஒருநாள் பேச்சுக்கு நடுவே ராமாவரம் தோட்டத்தை இழுத்தார். 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட கதை. “பார்த்தியா, தயாரா இருக்கணும்கறது இதுக்குத்தான்.” இந்த ஊரில் வீட்டுக்குள் நடந்தவற்றிலேயே பேர்போன துப்பாக்கிச் சூடு அதுதான், அதில் வந்தவர் சுவரேறிக் குதிக்கவில்லை, வாசல் வழியாக வந்து, உட்கார்ந்து, பேசிக்கொண்டிருந்தவர். இதைச் சொன்னேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கப்புறம் நான் போனால் எதிர் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை.

அவரைப் பிடிக்காது என்று சொல்ல முடியவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி தனியாள். ஒருநாள் அடுக்களையில் ஏதோ உருள, பாட்டி அலறினாள். கட்டடத்தில் முதலில் ஓடி வந்தது மாமாதான். மடித்துக் கட்டிய வேஷ்டி, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் துணி காயப்போடும் கொம்பு. துப்பாக்கியை எடுக்க நேரமில்லை அல்லவா? பூனையைத் துரத்திவிட்டு, பாட்டிக்குத் தூக்கம் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கொம்போடு நிறுத்திக்கொண்டால் அவருக்குக் கோயிலே கட்டலாம்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு, அதை வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை. ஒத்திகை நிஜமாகவே ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கிறது. எங்கள் படுக்கையறை அவர் லாஃப்டுக்கு நேர் கீழே. பீரோ கதவு கிறீச்சிடும், ஸ்டூல் இழுபடும், பிறகு ‘டக்’. காலையில் ஆபீஸ் போகிறவனுக்கு அந்த ‘டக்’கிற்குப் பிறகு தூக்கம் வராது. அசோசியேஷன் கூட்டத்தை எடுத்தால் அரை மணி நேரம் 41-ஆம் பிரிவு ஓடுகிறது; மொட்டை மாடிக் கதவின் கொண்டி போன மழையில் துருப்பிடித்து உடைந்து விழுந்ததைப் பேச நேரம் வருவதில்லை. கதவு இன்று வரை ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிற்கிறது. மாமாவின் நாலு பேரும் வரவேண்டிய வழி அதுதான்.

உங்கள் கட்டடத்து மாமாவிடம் துப்பாக்கி இருக்க வேண்டும் என்றில்லை. கிரிக்கெட் மட்டை இருக்கும், மிளகாய்ப்பொடி இருக்கும், எட்டு கேமராவும் ஒரு பெரிய டி.வி.யும் இருக்கும். கேள்வி அதேதான். அடுத்த தடவை அவர் “ராத்திரி ரெண்டு மணி” என்று ஆரம்பிக்கும்போது பதில் சொல்லாதீர்கள். கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைக் காட்டுங்கள். ஆசாரிக்குக் காசு நான் தருகிறேன்.