சகல கிருமிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை

இதனால் சகல கிருமிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: முதுநிலை நீட் நெருங்குவதால், இனி நீங்கள் வினா வங்கியில் உள்ளபடி மட்டுமே நோயாளிகளிடம் தோன்ற வேண்டும். 200 கேள்விகளுக்கு மூன்றரை மணி நேரம். ஒரு நிமிடத்தில் அடையாளம் காட்டாத கிருமி, கிருமியே அல்ல.

டைபாய்டே, நீ படிப்படியாக ஏறும் காய்ச்சலாகவே வா. காலராவே, டிசிபிஎஸ் அகாரில் மஞ்சளாகவே முளைக்கவும். ஆந்த்ராக்ஸே, மெதுசாவின் தலைமுடி கலையாமல் வரவும். ஸ்க்ரப் டைஃபஸே, சிகரெட்டால் சுட்டது போன்ற உன் கறுத்த வடுவை முன்கையில், வெளிச்சத்தில் வை. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளித்துவைக்கும் பழக்கத்தை விடு. புறநோயாளி வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது நான்கு ஆப்ஷன்களில் ஒன்றல்ல.

பெரியம்மைக்கு மட்டும் விதிவிலக்கு. அது 1975லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டாலும், குவார்னியேரி பாடி என்ற பெயரில் கோச்சிங் நோட்டில் அதற்கு நிரந்தரக் குடியுரிமை உண்டு. ரேபிஸின் நெக்ரி பாடி மூளையில் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். அது செத்தவன் மூளையில் தேடுவது. நாய் கடித்தவுடன் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதுதான் சிலபஸில் இல்லை.

காசநோய்க் கிருமியே, எல்ஜே மீடியத்தில் நீ வளர ஆறு முதல் எட்டு வாரம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். உன்னை 2025க்குள் ஒழிப்பதாக 2018ல் டெல்லியில் சபதம் போட்டார்கள். கெடு முடிந்தது, நீ முடியவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இன்னமும் இந்தியர். எந்த ஆண்டு ஒழியும் என்று கேட்டால், சரியான விடை: மேற்கண்ட எதுவுமில்லை.

நுண்ணுயிரியல் என்ற இந்தப் பாடத்துக்கு மானமுள்ள ஒரு சரித்திரமும் உண்டு. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, சோதனைக்கு வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். எய்ட்ஸெல்லாம் வெளிநாட்டுக்காரன் வியாதி என்று மார்தட்டிய நாட்டில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நிர்மலாவுக்கு யாரும் நான்கு ஆப்ஷன் கொடுக்கவில்லை.

இன்று அதே நுண்ணுயிரியல், ரேடியாலஜி சீட்டுக்கு ஏறும் ஏணி. ஏறியதும் எட்டி உதைக்க வேண்டியது. முதுநிலையில் அதைச் சீந்துவார் இல்லாமல் இடங்கள் காலியாகின்றன. தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், 2023ல் காலி இடங்களை நிரப்ப, கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பெர்சென்டைலுக்கு இறக்கினார்கள். ஹாலுக்குள் வந்து உட்கார்ந்ததே தகுதி! 2024ல் விடிந்தால் தேர்வு என்ற இரவில் தேர்வையே தள்ளிவைத்தார்கள். கிருமிகூட நோயரும்பு காலம் கொடுத்துத்தான் தாக்கும். இவர்களிடம் அந்த நாகரிகமும் இல்லை.

செஃபிக்ஸைம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை விற்க டாக்டர் சீட்டும் பதிவேடும் கட்டாயம் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. கடைக்காரரோ கத்தரிக்கோலை எடுத்து, அட்டையில் இரண்டை வெட்டிக் கொடுக்கிறார். மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி மாணவன் நோட்டில் படிக்கிறான். கிருமி நேரடியாக இன்டர்ன்ஷிப்பே முடித்துவிடுகிறது.

அதிகாரிகளே, தவறான விடைக்கு மாணவனிடம் ஒரு மார்க் பிடிக்கிறீர்கள், சரி. தாலுகா மருத்துவமனையில் கல்ச்சர் பார்க்க ஒரு லேப் வைக்காததற்கு உங்களிடம் எத்தனை மார்க் பிடிப்பது, யார் பிடிப்பது?