அடகு வைக்கத் தகுந்த சீஸ்

ஐரோப்பாவின் உயர்ந்த ரகச் சீஸ்கள் பாதி பாலாலும் பாதி சட்டத்தாலும் ஆனவை. எந்த ஊர்ப் புல், எந்த மாடு, எத்தனை மாதம், என்ன பெயர் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இதில் பெரிய மனுஷர் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள், பொலோனியாவில் ரேனோ ஆற்றின் இடக்கரை, மாந்துவாவில் போ ஆற்றின் வலக்கரை: இந்த எல்லைக்குள் கறந்து இந்த எல்லைக்குள்ளேயே செய்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். எதிர்க்கரையில் நிற்கும் மாடு அமுதமே கறந்தாலும் கணக்கில் சேராது.

மாலையில் கறந்த பாலை அகலத் தொட்டிகளில் இரவு முழுக்க வைத்து, மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிடுவார்கள். காலைப் பாலை அப்படியே அதில் கலந்து செப்புக் கொப்பரைக்கு மாற்றுவார்கள். முந்தின நாள் சீஸிலிருந்து வடித்த நீரைப் புளிக்கவைத்து உறை ஊற்றுவதோடு, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் சேரும். சில நிமிஷங்களில் பால் திரைந்துவிடும். திரைந்ததை ஸ்பீனோ என்ற கம்பிக்கூண்டு மத்தால் அரிசிமணி அளவுக்கு உடைத்து 55 டிகிரி வரை சூடேற்ற, மணிகள் அடியில் தங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பேர் அந்த மொத்தையைத் துணியில் ஏந்தித் தூக்கி, கத்தியால் சரிபாதியாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிள்ளை ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால் செலவு. வளர்ந்தபின் எடை சுமார் 40 கிலோ. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால், காசாரோ எனப்படும் சீஸ் மேஸ்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதே அந்தத் தொழிலின் பழைய நியதி.

உப்புத் தண்ணீரில் மூன்று வாரம் போல மிதந்தபின் சீஸ் சக்கரம் மர அலமாரி ஏறுகிறது. அங்கே குறைந்தது 12 மாதம் சும்மா இருக்க வேண்டும். 24, 36 என்று சும்மா இருக்கும் காலம் நீள நீள விலையும் ஏறும். மனிதர்களில் இப்படி மதிப்புக் கூடியவர்கள் குறைவு.

12 மாதம் முடிந்ததும் பரீட்சை. நிபுணர் ஒருவர் சிறு சுத்தியலால் சக்கரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசலோ வெற்றிடமோ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தேறியதற்குச் சூட்டுக்கோலால் முத்திரை. சுமாராகத் தேறியதற்கு மேல்தோலில் கோடு கீறிவிடுவார்கள், காலத்துக்கும் தெரியட்டும் என்று. தேறாததன் தோலிலிருந்து பெயரையே சுரண்டி எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடங்களுக்குக்கூட இந்தத் துணிச்சல் வந்ததில்லை.

ஓர் ஆண்டு விற்க முடியாத சரக்குக்கு இன்றைக்கே பால் காசு கொடுத்தாக வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்த்தது கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி. 1953 முதல் அது சீஸ் சக்கரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. நம் ஊரில் வளையலை வைத்துப் பணம் வாங்குவதைப் போலத்தான்; ஒரே வித்தியாசம், லாக்கரில் வளையல் விளைவதில்லை, கிடங்கில் சீஸ் விளைகிறது. வங்கியின் துணை நிறுவனம் லட்சக்கணக்கான சக்கரங்களைக் குளிர் கிடங்கில் அடுக்கி, புரட்டிப்போட்டு, தூசி துடைத்து வளர்க்கிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கி சீஸை விற்றுக்கொள்ளும். வாராக் கடன் வாசனையோடு இருப்பது உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும்.

இந்த மரியாதை புதிதல்ல. 1666இல் லண்டன் பற்றி எரிந்தபோது, நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் குழி வெட்டி ஒயினோடு, பார்மசான் என்று வெளியார் அழைக்கும் இந்தச் சீஸையும் புதைத்துவைத்தார். 2012 மே மாத நிலநடுக்கத்தில் எமிலியா வட்டாரக் கிடங்குகளின் அலமாரிகள் சரிந்து லட்சக்கணக்கான சக்கரங்கள் விழுந்தபோது, மோதெனாவின் சமையல் கலைஞர் மாசிமோ பொட்டூரா அந்தச் சீஸ் செலவாகட்டும் என்றே ஓர் அரிசிச் சமையலை உருவாக்கினார். அனுதாபத்தைத் தட்டில் பரிமாறிய அபூர்வ நிவாரணம் அது.

சட்டம் பேசுவதில் பிரான்ஸ் இத்தாலிக்கு அண்ணன். ரோக்ஃபோர் ஊர்க் குகைகளில் சீஸ் முதிரவைக்கும் உரிமையை அந்த ஊராருக்கே கொடுத்து 1411இல் ஆணையிட்டவர் ஆறாம் சார்லஸ். அவ்வப்போது புத்தி தடுமாறிய மன்னர் என்று வரலாறு சொல்கிறது. சீஸ் விஷயத்தில் நல்ல தெளிவோடுதான் இருந்திருக்கிறார். செம்மறியாட்டுப்பாலில் செய்து, நீலப் பூஞ்சணம் பிடிக்கவைப்பதையே கலையாக்கிய ரகம் இது. மற்ற இடத்தில் பூஞ்சணம் பிடித்தால் குப்பைத் தொட்டி. இங்கே 1925 முதல் தனிச்சட்டம்.

இங்கிலாந்தின் ஸ்டில்டன் கதை இன்னும் விசேஷம். டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ஸ்டில்டன் கிராமமோ கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. ஆகவே ஸ்டில்டனில் ஸ்டில்டன் செய்தால் சட்டவிரோதம்.

சார்டீனியாத் தீவின் காசு மார்ட்சு எந்தச் சட்டத்துக்கும் அடங்காது. சீஸில் ஈயை முட்டையிடவிட்டு, புழுக்கள் அதைத் தின்று இளக்கியபின் உண்கிறார்கள். புழுக்கள் துள்ளுவதால் கையால் மறைத்துக்கொண்டு தின்பது வழக்கம். மற்ற சீஸைத் தேடி ஆள் போக வேண்டும். இது ஆளைத் தேடி வரும். விற்பனைக்குத் தடை உண்டு, விரும்பிகளுக்குத் தடை இல்லை.

2008இல் ஐரோப்பிய நீதிமன்றமும் பெயர்ப் பஞ்சாயத்தில் இறங்கி, பார்மசான் என்ற சொல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவையே நினைவூட்டுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பிய எல்லையோடு நின்றுவிடும். வெளிநாடுகளில் பார்மசான் என்று டப்பாவில் வரும் தூளுக்கு ரேனோ, போ ஆறுகளோடு எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. அசலை வாங்குகிறவர்கள் தோலில் புள்ளி எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சைவர்கள் வாங்கவே வேண்டாம். கன்றின் ரென்னெட் இல்லாமல் அந்தப் பெயரில் சீஸ் செய்ய விதி இடம் கொடுப்பதில்லை.