பச்சையா, சிவப்பா?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க நடந்துவரும் கூட்டத்தில் இரண்டு இளவட்டங்கள், சாத்தூரிலிருந்தே சண்டை. கிராபிக்ஸ் கார்டு என்றால் பச்சை என்விடியாவா, சிவப்பு ஏஎம்டியா? வைப்பாற்றுக்கு வந்தும் தீரவில்லை.

என்விடியா முதலாளி ஜென்சன் ஹுவாங்குக்கு, 2014 முதல் ஏஎம்டியை நடத்தும் லிசா சூ தாய்மாமன் பேத்தி. இருவரும் தைவானில் பிறந்தவர்கள். இன்று இரண்டு கம்பெனிக்கும் சில்லு வார்ப்பதும் தைவானின் டிஎஸ்எம்சிதான். 2022-இல் 'ஆர்க்' என்று மூன்றாவதாக வந்த இன்டெல், சொந்த ஆலை வைத்திருந்தும் அதே வாசலில்தான் வரிசையில் நின்றது! அப்புறம் ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் எல்லாம் அந்தச் சில்லுக்கு ஃபேன் மாட்டி, கலர் விளக்கு போட்டு, அட்டைப்பெட்டியில் அடைக்கின்றன. எம்எஸ்ஐ டிராகன் படமும் போடும்.

பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்காதே என்று, லேபிள் அச்சடித்தே பிழைக்கும் சிவகாசிச் சீமைக்காரனுக்குமா சொல்ல வேண்டும்?

மாமன் மச்சான் வகையறாவின் வியாபாரத்துக்கு நாம் ஏன் சட்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? தம்பிகளா, மெமரி எத்தனை ஜிபி, வீட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா, வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு வாங்குங்கள்.