சொல்லுமுன் அறிவார்

குத்தாலம் கோயிலுக்குள் இருப்பவர் சொன்னவாறு அறிவார். கடைத்தெருவில் இருப்பவர் சொல்லுமுன் அறிவார். உள்ளே இருக்கும் சிவனுக்கு உக்தவேதீஸ்வரர் என்று இன்னொரு பெயருண்டு. கடைத்தெருக்காரருக்குக் ‘கம்ப்யூட்டர் அண்ணன்’. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், லேமினேஷன் வாடை, சிட்டா அடங்கல் எடுக்க வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இவ்வளவுதான் சன்னிதி.

“அண்ணே, நம்ம வெப்சைட்டு...” என்று நீங்கள் இழுக்கும்போதே, “கேச்ச க்ளியர் பண்ணு” என்பார். பண்ணியாயிற்றா? “இன்காக்னிட்டோல தொறந்து பாரு.” அதுவும் ஆயிற்றா? “அப்ப வைரஸ்தான்.” அதற்கும் மசியவில்லை என்றால், “ஃபார்மட் அடிச்சிடுவோம், ஒரு மணி நேர வேலை.” இந்த வரிசை மாறவே மாறாது. பிரின்டரில் மை தீர்ந்திருந்தாலும் கேச்சிலிருந்துதான் தொடங்குவார்.

மனுஷர் தங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு முடியும் நாளில் சர்வர் திணறும்போது, ராத்திரி வரை கடையைத் திறந்துவைத்துக் கைநாட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் சர்வே நம்பர் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். வைத்தியமும் பல நேரம் பலிக்கும். பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற வியாதி பிரவுசருக்கு மெய்யாகவே உண்டு. அப்படிப் பலித்துப் பலித்துத்தான் அண்ணன் கெட்டுப்போனார்.

அந்த வைத்தியம் பலிக்காத வியாதியும் ஒன்று உண்டு. பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் கும்பாபிஷேகத்துக்காக ஒரு வெப்சைட் செய்தார்கள் என்று வையுங்கள். லேப்டாப்பில் பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி. உபயதாரர் பட்டியலில் லட்சம் கொடுத்தவர் பொன்னிறக் கொட்டை எழுத்தில் ஜொலிக்கிறார். ஆயிரம் கொடுத்தவர் அவருக்குக் கீழே அடக்கமாக நிற்கிறார். நூறு கொடுத்தவரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். சர்வரில் ஏற்றியதும் அத்தனையும் போயிற்று. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, எல்லோரும் இடது ஓரத்தில் ஒரே உயரத்தில். எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் கோயில் வாசலுக்கு வராத சமத்துவம், எழுத்துக்கு நிறமும் அளவும் சொல்லும் ஸ்டைல்ஷீட் வராததால் வந்துவிட்டது. லட்சம் கொடுத்தவர் உடனே போன் போட்டார்.

பையன்கள் அண்ணனிடம் ஓடினார்கள். கேச் போயிற்று, இன்காக்னிட்டோ ஆயிற்று. எஃப் 12-ஐ அழுத்தியபோது கன்சோலில் சிவப்பாக ஒரு நீள வரி. “சிவப்புல வந்தா எர்ரர்” என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். நிறத்தைப் பார்த்தாரே ஒழிய எழுத்தைப் பார்க்கவில்லை. ஆன்ட்டிவைரஸ் பக்கம் கை போயிற்று.

வில்லங்கச் சான்று நகலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் எழுந்து வந்தார். “தம்பி, வைத்தீஸ்வரன்கோயில்லகூடப் பெருவிரல் ரேகையப் பாத்துட்டுத்தான் ஏட்டையே எடுப்பாங்க. அதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிப்பமே.”

படித்தார். ‘.சிஎஸ்எஸ்’ வால் கொண்ட இந்த ஸ்டைலை ஏற்க மறுக்கிறேன்; அதன் மைம் டைப் ‘டெக்ஸ்ட்/எச்.டி.எம்.எல்.’, அது ஸ்டைல்ஷீட்டுக்கான வகை அல்ல, கண்டிப்பான சோதனை நடப்பில் இருக்கிறது. வரியின் சாரம் இதுதான். “நீ கேட்டது சி.எஸ்.எஸ்., வந்தது எச்.டி.எம்.எல். ஆள் மாறி வந்திருக்கான்பா” என்றார் பெரியவர். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆள்மாறாட்டம் தெரியும்.

இந்த மைம் என்பது மின்னஞ்சலுக்காகப் பிறந்தது. 1992-இல் நெத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் வகுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் மைம் இணைப்பு, தாம் பாடும் குழுவின் படமும் பாட்டும். (சபா வாய்ப்புக் கிடைக்காத பாடகர் எந்த நாட்டிலும் சும்மா இருப்பதில்லை.) பிறகு வலைக்கும் அதே ஏற்பாடு வந்தது. சர்வர் எதை அனுப்பினாலும் ‘இது படம்’, ‘இது ஸ்டைல்ஷீட்’ என்று ஒரு சீட்டும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சீட்டை நம்பாது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நெல்லை எடுத்துப் பார்ப்பதுபோல உள்ளே துழாவித் தானே முடிவு செய்யும். படம் என்ற சீட்டோடு ஸ்கிரிப்டை உள்ளே வைத்து அனுப்பிய விஷமிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. 2009-இல் வந்த எட்டாம் பதிப்பில், துழாவாதே என்று சர்வரே கட்டளையிட ‘நோஸ்னிஃப்’ என்று ஒரு வழி வைத்தார்கள். இன்று முறையாக எழுதிய பக்கத்தில், சீட்டில் ‘டெக்ஸ்ட்/சி.எஸ்.எஸ்.’ இல்லையென்றால் ஸ்டைல்ஷீட் வாசலோடு சரி. சீட்டு எழுதுவது சர்வர். இங்கே நாம் கேச்சைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

சர்வர் ஏன் அப்படி எழுதியது? பையன் கோப்புக்கு வைத்த பெயரில் முதல் ‘எஸ்’ பெரிய எழுத்து. பக்கத்தில் குறிப்பிட்டது சின்ன எழுத்து. விண்டோஸ் லேப்டாப்புக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ‘பக்கம் காணவில்லை’ அறிவிப்பை அனுப்பியது. அந்த அறிவிப்பு ஒரு வலைப்பக்கம், அதாவது எச்.டி.எம்.எல். “இனிஷியல் மாறினா வேற ஆளுதானே” என்று பத்திர எழுத்தர் தலையாட்டினார். நோட்பேட் காதும் காதும் வைத்தாற்போல் வால்பக்கம் ஒட்டிவிடும் ‘.டிஎக்ஸ்டி’, என்ஜின்எக்ஸ் அமைப்பில் மைம் வகைப் பட்டியலைச் சேர்க்கும் வரி விட்டுப்போவது என்று ஸ்டைல்ஷீட் வாசலில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பெயரைத் திருத்தினார்கள். லட்சம் கொடுத்தவர் மறுபடி பொன்னிறமானார். “நான்தான் மொதல்லயே சொன்னேனே, கேச்சுன்னு” என்றார் அண்ணன்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். பக்கம் இப்படி வெளுத்துப்போனால், அவரிடம் போகுமுன் எஃப் 12-ஐ அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றி, நெட்வொர்க் பகுதியில் அந்த ஸ்டைல்ஷீட் கோப்பைத் தொட்டு, சர்வர் எழுதிய சீட்டான கன்டென்ட்-டைப் எதிரே என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். எச்.டி.எம்.எல். என்றிருந்தால் அந்த முகவரியைத் தனி டேபில் திறந்து பாருங்கள். சர்வர் என்ன அனுப்பியது என்று தெரிந்துவிடும். பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும் அவரிடமே போங்கள்.